வெளிநாட்டுக்குப் போய் ஒரு பாட்டியின் வீட்டைப் பழுதுபார்க்கலாமா, பணத்தை அனுப்பிவிடலாமா?

தூரத்துத்திண்ணை:
வணக்கம். விடுப்பு நிறையச் சேர்ந்து கிடக்கிறது, ஒரு மாதம் எடுக்கலாம். வெளிநாட்டுக்குப் போய்க் குடியேறிய என் நண்பன் ஒருவன் இருக்கிறான், அவன் தெருவில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். கூரை ஒழுகுகிறது, வாசற்படி பெயர்ந்து ஆடுகிறது, குளியலறைக் கதவு அவருடைய நடைச்சட்டத்துக்கு (வாக்கர்) இடம் கொடுக்காத அளவு குறுகல். பிள்ளைகள் யாரும் இல்லை. அங்கே ஒரு தொண்டு அமைப்பு பொருள் செலவை ஏற்கத் தயார், ஆள்தான் இல்லை என்கிறதாம். எனக்குச் சோறு போடுவது கணினி வேலை என்றாலும் தச்சு ஓரளவு கைவந்தது, வீட்டு அலமாரி, கதவு எல்லாம் நானே செய்தவை. நாட்டின் பெயரைச் சொல்லவில்லை, அந்தப் பாட்டியை யாரும் அடையாளம் கண்டுவிட வேண்டாம் என்பதற்காக. போகலாமா, அல்லது குழுவாக அழைத்துப் போகிற பெரிய அமைப்பு எதிலாவது சேர்வதா? இரண்டும் வேண்டாம், பணம் அனுப்பு என்கிறார்கள் வீட்டில்.

கணக்குப்பிள்ளை:
வீட்டில் சொல்வதுதான் சரி. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் விமானச் சீட்டு, காப்பீடு, விசாக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகையில் அந்த ஊர்த் தச்சர் ஒருவருக்கு எத்தனை நாள் கூலி கொடுக்கலாம் என்று வகுத்துப் பாருங்கள். அவருக்கு வேலையும் கிடைக்கும், பாட்டிக்குக் கூரையும் கிடைக்கும். நீங்கள் போவது உங்கள் திருப்திக்கு. அதில் தப்பில்லை, ஆனால் அதற்கு உதவி என்று பெயர் வைக்க வேண்டாம்.

மட்டப்பலகை:
கட்டுமானத் துறையில் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்குப்பிள்ளையின் கணக்கு பாதி இடத்தில்தான் செல்லும். கூலி மலிவாக, ஆள் தாராளமாகக் கிடைக்கிற ஊர் என்றால் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு. அங்கே வெளியிலிருந்து இலவச ஆள் போவது உள்ளூர்க் கொத்தனாரின் வயிற்றில் அடிப்பது. ஆனால் ஆள் பஞ்சம் உள்ள நாடுகளில் நிலைமை தலைகீழ். பணத்தை வைத்துக்கொண்டு நின்றாலும் இரண்டு படி, ஒரு கதவு என்கிற சில்லறை வேலைக்கு ஒப்பந்தக்காரர் தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டார். புயல், நிலநடுக்கம் முடிந்த ஊரிலும் இதே கதை, எல்லாத் தச்சரும் பெரிய வீடுகளுக்குப் போய்விடுவார்கள். திண்ணை சொல்வதைப் பார்த்தால் காசு இருக்கிறது, கைதான் இல்லை. அப்படியென்றால் போவதில் அர்த்தம் உண்டு.

ஆனால் எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்பதுதான் விஷயம். கூரையை நீங்கள் தொட வேண்டாம். தண்ணீர் சொட்டுகிற இடம் ஒன்று, உள்ளே நுழைகிற இடம் வேறு. புகைபோக்கி ஓரத்திலோ சுவரும் கூரையும் சேருகிற மூலையிலோ நுழைந்து, சட்டத்தின் மேலேயே ஓடி, பத்தடி தள்ளி விழும். பழகிய கண்ணுக்குத்தான் அது பிடிபடும். தகரக் கூரை என்றால் திருகு போடுவதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சி இழுப்பதுதான் அதிகம், அதுவும் ஓரங்களிலும் முகட்டிலும் கடுமையாக இழுக்கும். அதனால் நடுவில் போடுவதைவிட ஓரத்தில் நெருக்கிப் போட வேண்டும், கீழே உள்ள சட்டத்தையும் சுவரோடு பட்டை வைத்துக் கட்ட வேண்டும். தெரியாதவர் சீராக இடைவெளி விட்டு அழகாக அடித்துவிட்டுப் போவார், அடுத்த புயலில் ஓரத்திலிருந்து உரிந்து போகும். கட்டுமானத் தொழிலில் உயிர் போவதற்கு முதல் காரணங்களில் ஒன்று உயரத்திலிருந்து விழுவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி, கைப்பிடி, கதவு, பெயிண்ட், சுத்தம் செய்வது, கழிவை அள்ளிப் போடுவது, உள்ளூர்த் தச்சருக்குக் கையாளாக நிற்பது. உங்கள் பட்டியல் இதுதான். கௌரவக் குறைச்சல் இல்லையே?

தூரத்துத்திண்ணை:
கௌரவமெல்லாம் பார்க்கவில்லை. மின்சார வேலை கொஞ்சம் தெரியும், குளியலறையில் விளக்கும் மாற்ற வேண்டுமாம். அதைச் சேர்த்துக்கொள்ளலாமா?

மட்டப்பலகை:
வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் கறுப்புக் கம்பி மின்சாரம் வருவது, வெள்ளை நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற கம்பி. பிரிட்டனின் பழைய வீடுகளில் சிவப்பு மின்சாரம், கறுப்பு நியூட்ரல். புதிய முறையில் பழுப்பும் நீலமும். ஒரே கறுப்பு ஒரு நாட்டில் ஆளைக் கொல்லும், இன்னொரு நாட்டின் பழைய வீட்டில் அது நியூட்ரல். அமெரிக்காவில் 120 வோல்ட், வேறு பல இடங்களில் 230 என்பது தனி. உரிமம் இல்லாதவர் கை வைத்தது தெரிந்தால் வீட்டுக் காப்பீடு கை விரித்துவிடும் இடங்களும் உண்டு. தச்சிலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், வட அமெரிக்காவில் ‘டூ பை ஃபோர்’ என்று விற்கிற கட்டை உண்மையில் 38க்கு 89 மில்லிமீட்டர்தான். பெயரை நம்பி ஊரிலிருந்தே அளவு போட்டுக்கொண்டு போனால் எதுவும் பொருந்தாது.

எல்லைக்கோடு:
எல்லோரும் ஆணியையும் கட்டையையும் பேசுகிறீர்கள், அவர் விமான நிலையத்தைத் தாண்ட வேண்டாமா? ‘சும்மா உதவத்தான் வந்தேன், சம்பளம் வாங்கவில்லை’ என்றால் குடிவரவு அதிகாரிக்குப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பிரிட்டனில் சாதாரண வருகையாளராகப் போகிறவர் பதிவு பெற்ற தொண்டு அமைப்புக்காக மட்டும், மொத்தம் 30 நாளுக்கு மிகாமல் தன்னார்வ வேலை செய்யலாம். அமெரிக்காவில் பி-1 என்கிற குறுகிய கால வருகையாளர் விசாவில் இதற்கு இடம் இருக்கிறது, ஆனால் அங்கீகாரம் பெற்ற மத அல்லது லாப நோக்கற்ற அமைப்பின் சேவைத் திட்டத்தின் கீழ் வர வேண்டும், சம்பளம் கூடாது, கைச்செலவைத் திருப்பித் தரலாம் அவ்வளவுதான். ஐரோப்பாவில் தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம் என்பது தங்குவதற்கான அனுமதி, வேலைக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் விதி.

அப்புறம், தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால் அதையே கூலி என்று எடுத்துக்கொள்கிற நாடுகள் இருக்கின்றன. இணையத்தில் ‘வேலைக்குப் பதில் தங்குமிடம்’ என்று ஏற்பாடு செய்துகொண்டு போய், எல்லையில் உண்மையைச் சொன்னதும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கதை நிறைய. அதற்காகப் பொய் சொல்லாதீர்கள், அது இன்னும் மோசம். அந்தத் தொண்டு அமைப்பிடம் கடிதம் வாங்குங்கள்: பதிவு எண், என்ன வேலை, எத்தனை நாள், சம்பளம் இல்லை. நண்பன் வீட்டில் தங்குவதாக இருந்தால் அதையும் தனியாக எழுதி வாங்குங்கள். தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பயணக் காப்பீடும் அப்படித்தான். சாதாரணப் பாலிசிகள் பலவற்றில் உடலுழைப்பு வேலைக்கும் ஏணி ஏறுவதற்கும் காப்பு கிடையாது. சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

ஊதாமலர்:
வெள்ளத்துக்குப் பிறகு வேறொரு நாட்டுக்குப் போய் வீடு சுத்தம் செய்கிற குழுவில் இருந்திருக்கிறேன். ‘மக் அவுட்’ என்பார்கள், நனைந்த சுவர்ப்பலகை, தரைவிரிப்பு, மெத்தை எல்லாவற்றையும் பெயர்த்து வெளியே கொண்டுவந்து போடுவது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் செய்த வேலையில் பெரும்பங்கு இதுதான். பயிற்சி அதிகம் வேண்டாம், முதுகு வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. நாங்கள் ஒரு வீட்டில் நுழைந்து மளமளவென்று அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம், வீட்டுக்கார அம்மா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களை நிறுத்தச் சொல்லும் உரிமை தனக்கு இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை போல. இலவசமாக வந்தவர்களை எப்படிக் கடிந்துகொள்வது? எங்கள் குழுத்தலைவிதான் கவனித்து எல்லோரையும் நிறுத்தி, அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, ஒவ்வொரு பொருளையும் அவர் கண்ணில் காட்டிய பிறகே வெளியே போட வேண்டும் என்று மாற்றினார். வேலை இழுத்தது, இழுக்கட்டும். ஊறிப்போன ஒரு பெட்டியிலிருந்து அவர் கணவர் எழுதிய கடிதங்கள் வந்தன, பாதி படிக்கக்கூடியதாக இருந்தது. நாங்கள் அதைக் குப்பை என்று நினைத்திருப்போம்.

திண்ணை, உங்கள் பாட்டியிடம் யாராவது நேராகப் பேசினார்களா? நண்பன் சொன்னான், அமைப்பு சொன்னது என்கிறீர்கள். அவருக்கு எது முதலில் வேண்டும் என்று அவரே சொன்னாரா?

இன்னொன்று, படம். ‘முன்பு, பின்பு’ படம் போடுகிற ஆசை எல்லோருக்கும் வரும். ஒழுகுகிற வீட்டையும் கிழிந்த மெத்தையையும் உலகத்துக்குக் காட்ட யாருக்குமே பிடிக்காது. கேட்டால் நன்றிக் கடனுக்காகச் சரி என்பார், அது சம்மதம் ஆகாது.

கணக்குப்பிள்ளை:
மட்டப்பலகை சொன்ன ஆள் பஞ்சம் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. வீடு யாருடையது? பாட்டி வாடகைக்கு இருந்தால் நீங்கள் பழுதுபார்ப்பது வீட்டுக்காரரின் சொத்தை. கூரை ஒழுகாமல் இருக்கச் செய்வது பெரும்பாலான நாடுகளில் உரிமையாளரின் சட்டக் கடமை. நீங்கள் இலவசமாகச் செய்து கொடுத்தால் அவர் கையைத் தட்டிவிட்டு வாடகையை ஏற்றுவார், அல்லது நல்ல வீடாகிவிட்டதே என்று பாட்டியைக் கிளப்பிவிடுவார். பத்திரம் யார் பெயரில், எழுத்தில் அனுமதி உண்டா, இரண்டையும் பார்க்காமல் சீட்டு எடுக்காதீர்கள்.

பழம்பதிவு:
இந்தச் சண்டை நூறு வருஷப் பழசு, அதனால் குறுக்கே வருகிறேன். முதல் உலகப் போர் முடிந்ததும் 1920இல் சுவிட்சர்லாந்துக்காரர் பியர் செரெசோல் சில பேரைத் திரட்டிக்கொண்டு பிரான்ஸில் வெர்டன் அருகே எஸ்ன் என்ற தரைமட்டமான கிராமத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கப் போனார். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள், அதாவது அந்த ஊரை நாசம் செய்த நாட்டுக்காரர்கள். அதுதான் நோக்கமே. ஆனால் ஜெர்மானியர் இருப்பதற்கு எதிர்ப்புக் கிளம்பி, சில மாதங்களில் முகாமைக் கலைக்க வேண்டியதாயிற்று. சர்வதேசத் தன்னார்வச் சேவை என்று இன்றும் நடக்கிற அமைப்பு அதிலிருந்து முளைத்ததுதான்.

அதே செரெசோல் 1934 ஜனவரி பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு வந்தார். நில மட்டமே மாறி, வெள்ளம் புகுகிற இடமாகிப்போன கிராமங்களை மேட்டுக்கு மாற்றிக் கட்டுகிற வேலை. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், உழைத்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். பணமாக அனுப்பியிருக்கலாமே என்று அவரிடமும் கேட்டிருப்பார்கள். என் கட்சி, எஸ்னில் செங்கல்லைவிட ஜெர்மானியன் கையில் மண்வெட்டி இருந்ததுதான் பெரிது, பீகாரில் மண்வெட்டியே பெரிது. ஊருக்கு ஊர் பதில் மாறும்.

ஓட்டுவீடு:
இத்தனை பேர் பேசுகிறீர்கள், உதவி வாங்கியவர் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். ஒரு புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டுக் குழு ஒன்று வந்தது. நல்ல பிள்ளைகள், வெயிலில் கருகிப்போய் வேலை செய்தார்கள், என் அம்மா இன்றும் அவர்களைப் பேர் சொல்லிக் கேட்பார்.

சன்னல் எல்லாம் மாற்றினார்கள். அளவு அவர்கள் ஊர் அளவு. ஒரு கண்ணாடி உடைந்தபோது அந்த அளவில் இங்கே எதுவும் கிடைக்கவில்லை, அட்டை வைத்து அடைத்தோம். கொக்கிகளை மாட்டிய திருகுக்குத் தலையில் சதுரக் குழி, அதற்கான திருப்புளி இந்தப் பக்கம் யாரிடமும் இல்லை. மேலே இருந்த காற்றுத் துளைகளை மழை வருகிறது என்று பூசி அடைத்துவிட்டார்கள், அது எதற்கென்று ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. கோடையில் உள்ளே இருக்க முடியவில்லை, அப்பா உளியை எடுத்துத் திரும்பவும் திறந்தார்.

அதே ஆட்கள் அம்மாவுக்காகப் பின்வாசலில் ஒரு சரிவுப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். அதை மட்டும் எங்கள் பக்கத்து வீட்டு மேஸ்திரியோடு சேர்ந்து, இங்கே கிடைக்கிற கல்லில் போட்டார்கள். அது அப்படியே இருக்கிறது. விரிசல் விட்டால் அவரே வந்து பார்த்துக்கொள்கிறார், அவர் போட்டதுதானே. கணக்குப்பிள்ளை சொல்வதுபோல் பணம் வந்திருந்தால்? அந்தச் சமயத்தில் மேஸ்திரிக்கு அவர் வீடே இடிந்து கிடந்தது, தனியாக வந்திருக்க மாட்டார். நாலு பேர் கூட நின்றதால் வந்தார்.

மட்டப்பலகை:
ஓட்டுவீடு எழுதியதைத் திண்ணை இரண்டு முறை படிக்கட்டும். அந்தச் சதுரக்குழித் திருகு ராபர்ட்சன் வகை, கனடாவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், அந்தப் பிள்ளைகளுக்கு அது உலகம் முழுக்க இருக்கும் என்ற நினைப்பு. போகிற ஊரில் வாங்கிய பொருள்தான் போட வேண்டும், அந்த ஊர்க் கருவியில் கழற்ற முடிய வேண்டும்.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு அரசு எடுத்த வழியும் ஏறக்குறைய இந்த யோசனைதான். வீட்டைக் கட்டிக் கொடுக்கவில்லை, வீட்டுக்காரர் கையில் தவணையாகப் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் வந்து பார்த்து, நிலநடுக்கத்துக்குத் தாங்குகிற மாதிரி கட்டியிருக்கிறார் என்றால் அடுத்த தவணை. மேஸ்திரிகளுக்குப் பயிற்சி தனியாக. குறை நிறைய உண்டு, தாமதம், வயதானவர்களால் அலைய முடியவில்லை. வெளியாள் வந்து நிற்க வேண்டிய இடம் அந்தக் கடைசி ஓட்டைதான், பணம் இருந்தும் அலைய முடியாத முதியவர்.

சுண்ணாம்புக்காரி:
பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிற வேலை என்னுடையது, இரண்டு எச்சரிக்கை. பாட்டி வீடு பழைய கல் வீடோ சுண்ணாம்புச் சாந்து வீடோ என்றால், ஓதம் தெரிகிறதே என்று யாராவது சிமெண்ட் பூசச் சொல்வார்கள். பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், கல் உள்ளுக்குள் இளகும், மரச்சட்டத்தின் நுனி உளுத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் சில வருஷம் பளபளவென்று இருக்கும், அதுதான் கொடுமை.

அடுத்தது தூசி. குளியலறைக் கதவை அகலப்படுத்த வேண்டும் என்றால் சுவரை வெட்ட வேண்டும், சுவருக்குள் என்ன இருக்கிறது? பிரிட்டன் கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) முழுதாகத் தடை செய்தது 1999இல், ஆஸ்திரேலியா 2003 கடைசியில். அதற்கு முன்னால் கட்டிய வீட்டில் தரை ஓடு, சுவர்ப்பலகை, கூரைத்தகடு எதிலும் அது இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுக்கு ஈயப் பெயிண்ட் 1978இல் தடையானது, அதற்கு முந்தைய கதவைத் தேய்த்தால் வருவது ஈயத் தூள். பரிசோதனைச் சீட்டு இல்லாமல் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. துணி முகமூடி இதற்கெல்லாம் ஒன்றுமே இல்லை. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் கிளம்புமுன் போட்டுக்கொள்ளுங்கள்.

தூரத்துத்திண்ணை:
எல்லோருக்கும் நன்றி. ஊதாமலர் கேட்டது உறைத்தது, நண்பனை அந்தப் பாட்டி வீட்டிலேயே உட்காரச் சொல்லிக் காணொலி அழைப்பில் பேசினேன். வீடு அவர் பெயரில்தான், பத்திரத்தை அமைப்பும் பார்த்திருக்கிறது. அவர் வரிசை நான் நினைத்த வரிசையே இல்லை. கூரைக்குப் பாத்திரம் வைத்துப் பழகிவிட்டது, வாசற்படிதான் பயம் என்கிறார். அந்தப் படியால் வெளியே போவதையே நிறுத்திவிட்டாராம். அப்புறம், ‘எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாய், உன் வீட்டில் படி எல்லாம் சரியாக இருக்கிறதா’ என்று கேட்டுச் சிரித்தார்.

கூரைக்கு என் விமானச் செலவில் பாதிக்குச் சமமான தொகையை அமைப்புக்கு அனுப்பிவிட்டேன், உள்ளூர்க் கூரைக்காரர் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், கணக்குப்பிள்ளைக்காக இதைச் சொல்கிறேன். கதவுச் சுவருக்குப் பரிசோதனை கேட்டிருக்கிறேன். விசாக் கடிதம் வந்ததும் சீட்டு. பெரிய அமைப்புகளையும் பார்த்தேன், வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கிற, 1976இல் தொடங்கிய ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி மாதிரி, அங்கே குழுவோடுதான் போக வேண்டும், இந்த ஒரு வீட்டுக்கு ஒத்துவராது.

பழம்பதிவு:
ஹேபிடாட் என்றதும் ஞாபகம், அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2019 அக்டோபரில் 95 வயதில் கீழே விழுந்து முகத்தில் தையல் போட்டுக்கொண்டு, கண் கறுத்துப்போய், மறுநாளே நாஷ்வில்லில் அவர்களுடைய வேலைத்தளத்தில் நின்றார். திண்ணைக்கு வயது ஒரு சாக்கில்லை.

கணக்குப்பிள்ளை:
பாதி அனுப்பியதற்குப் பாதி மன்னிப்பு.

தூரத்துத்திண்ணை:
படி மூன்று, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். படியை எடுத்துவிட்டுச் சரிவுப் பாதையாகவே போட்டுவிடலாமா மட்டப்பலகை?

மட்டப்பலகை:
1க்கு 12 சரிவு வேண்டும், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், அதைவிடச் செங்குத்தாகப் போகக்கூடாது. மூன்று படியும் சேர்ந்து உயரம் 54 சென்டிமீட்டர் என்றால் நீளம் ஆறரை மீட்டர், மேலேயும் கீழேயும் நின்று திரும்ப இடம் தனி. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் அவ்வளவு இருக்கிறதா என்று நண்பனை நாடா வைத்து அளக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் படியையே தாழ்வாக, அகலமாக, எல்லாம் ஒரே உயரமாக, நடைச்சட்டம் முழுதாக நிற்கிற அளவுக்கு ஆழமாகப் போட்டு இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள், தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் சுமார். பாட்டியை நிற்கவைத்து மணிக்கட்டு உயரத்தையும் அளந்துவிடுங்கள், அந்த அளவுதான் கடைசி. அடித்தளம் கான்கிரீட் என்றால் முதல் வாரமே போட்டுவிடுங்கள். முழு பலத்துக்கு 28 நாள் என்று கணக்கு, உங்கள் விடுப்பே ஒரு மாதம்தான். அதுவரை பின்வாசல் வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் பாட்டி வெளியே வரத் தற்காலிகப் பலகைப் படி ஒன்று முதல் நாளே வேண்டியிருக்கும்.

தூரத்துத்திண்ணை:
பின்வாசல் இருக்கிறது, ஆனால் அங்கே கோழிக்கூண்டு. கேட்டுச் சொல்கிறேன்.